பாம்பு வராத கதை

கடற்கரையில் புத்தகம் விற்கிறவனுக்குக் கரையானைவிட, ராமபாணப் பூச்சியைவிடப் பெரிய எதிரி பின். 24 பக்கப் படக்கதைப் புத்தகத்தை நடுவில் விரித்தால் இரண்டு கம்பிப் பின் தெரியும். பாம்பன் காற்றில் மூன்று மாதம் கிடந்தால் அது துருவேறி, தாளில் டீக்கறை மாதிரி வளையம் விடும். நாலாம் மாதம் நடுத்தாள் குழந்தையின் கையோடு வந்துவிடும். கிழித்தது தான்தான் என்று நினைத்துக் குழந்தை மிரண்டு என்னைப் பார்க்கும். அந்த முழியைப் பார்க்கச் சகிக்காமல்தான் தையலுக்கு மாறினேன். யோசனை என்னுடையதில்லை. பாம்பனில் என் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த பையன் ஒருத்தன், "நரம்புல தைங்கண்ணே, கழலாது" என்றான். வலைக்குப் போடுகிற நைலான் நரம்பு. அவன் வீட்டுத் திண்ணையிலேயே பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கோணி ஊசியால் மூன்று துளை போட்டு, நரம்பைக் கோத்து, முடிச்சைப் பல்லால் இறுக்கிக் கொடுத்தான். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. தையல் அப்படியே நிற்கிறது.

1998ல் ஆரம்பித்தேன். பழைய டி.வி.எஸ். 50, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய தகரப் பெட்டி. ராமநாதபுரத்தில் கிளம்பி உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் வரை ஒரு சுற்று. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் இன்னொரு சுற்று. பாதி விற்பனை, பாதி வாடகை. விலை கொடுக்க முடியாத வீட்டுக்கு வாரம் ஒரு ரூபாய். வாடைக்காற்று மாதங்களில் பாம்பன் பாலத்தில் வண்டி ஓட்ட முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தகரப் பெட்டி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் 1914ல் திறந்த ரயில் பாலம். அதில் ரயிலே அந்தக் காலத்தில் ஊர்ந்துதான் போகும். சரி, ரயிலுக்கே அந்தக் கதி என்றால் நமக்கென்ன என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இப்போது பள்ளிக்கூடங்களிலிருந்து போன் வருகிறது. "எல்லா சமூகமும் எல்லாப் பண்பாடும் தெரியிற மாதிரி குழந்தைங்க புத்தகம் இருக்கா சார், ஒரு லிஸ்ட் அனுப்புங்க" என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். நான் தொழிலுக்கு வந்தபோது பெரியவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பிள்ளைகள். அவர்கள் கேட்டவிதமும் வேறு. புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பெட்டியில் அன்றைக்கு என்ன இருந்தது? தெனாலிராமன், அக்பர் பீர்பால், பஞ்சதந்திரம், சுருக்கிய ராமாயணம், தேசத் தலைவர்கள். மீனவன் என்று ஒருத்தன் வந்தால் நீதிக்கதையில் வருவான். ஏழை. பொண்டாட்டி பேராசைக்காரி. படத்தில் கரையோரம் குந்தித் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். பாம்பனில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரு கம்மாயில பிடிக்கிறவரு" என்று புத்தகத்தை மூடி வைத்தாள். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். டோக்கன் வாங்கி, ஐஸ் அடித்து, டீசல் போட்டுக் கிளம்பினால் மறுநாள்தான் கரை. இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அந்த முறை அவளுக்குப் பள்ளிக்கூட டைம்டேபிளைவிட நன்றாகத் தெரியும். அவளிடம்போய்த் தூண்டில்காரனை நீட்டியிருக்கிறேன்.

உள்ளூர்ப் பையன் என்று அப்போது புத்தகத்துக்குள் இருந்தவர் ஒருவர்தான். 1931ல் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்த கலாம். 'அக்னிச் சிறகுகள்' வந்த பிறகு எந்தப் பதிப்பகத்துப் பார்சலைப் பிரித்தாலும் நாலு கலாம் இருப்பார். விற்றது, மறுக்கவில்லை. என் அரிசிக்கு அவர் ரொம்ப நாள் உதவியிருக்கிறார். ஆனால் மூலத்தைப் படித்தவனுக்கு அந்தச் சிறுவர் சுருக்கங்களைக் கையில் எடுத்தால் வயிறு எரியும். ரயிலிலிருந்து எறிகிற பேப்பர் கட்டைப் பொறுக்குவது இருக்கும், ராக்கெட் இருக்கும். நடுவில் உள்ள ஊரைக் காணோம். வகுப்பில் தொப்பி போட்ட கலாமும் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த வாத்தியார் கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். ராமநாதனின் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார். இதை ஏன் வெட்டினார்கள்? குழந்தைக்குப் புரியாது என்றா? கடைசி பெஞ்சு என்றால் என்ன என்று தெரியாத குழந்தை எங்கே இருக்கிறது?

எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரும் வெட்டுப்பட்டுப் போனார். பழைய தேசியவாதி, ராமேஸ்வரத்தில் வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். சிறுவன் கலாம் அவர் வீட்டுக்குப் போய் இரவல் வாங்கிப் படித்ததாக அந்த நூலிலேயே இருக்கிறது. என் தொழிலுக்கு இந்தத் தீவில் முன்னோடி என்றால் அவரைத்தான் சொல்வேன். அவர் வாரம் ஒரு ரூபாயும் வாங்கியிருக்கமாட்டார்.

என் சொந்தப் படிப்பைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். ராமநாதபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் மாஸ்கோ தெரியும், கீழக்கரை தெரியாது. சோவியத் புத்தகங்கள் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் ஊருக்கு வந்த காலம். காலணா அரையணா மாதிரி விலை, கண்ணைப் பறிக்கிற படங்கள். சமோவார் என்றால் என்ன, அடுப்பு மேலே ஏன் பாட்டி படுத்திருக்கிறாள் என்றெல்லாம் எனக்கு அத்துபடி. 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அந்த வரத்து நின்றது. பதினேழு பதினெட்டு கிலோமீட்டரில் இருக்கிற கீழக்கரைத் தெருக்களுக்குள் நான் முதன்முதலாக நடந்தது புத்தகப் பெட்டியோடுதான், முப்பது வயதுக்குப் பக்கத்தில்.

அதுவரை எனக்குத் தெரிந்த கீழக்கரைக்காரர் சீதக்காதி ஒருவரே. செத்தும் கொடுத்தவர். 'வள்ளல்கள் கதைகள்' புத்தகத்தில் ஒரு பக்கம் வருவார். அங்கே போன பிறகுதான் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று ஒரு வீடே தமிழில் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. காக்கா என்றால் அண்ணன். என் பெட்டியிலோ காக்கா வடை திருடிக்கொண்டிருந்தது.

அந்த வீடுகளுக்கு என்று தேடியபோதுதான் துலிகா பதிப்பகத்தின் புத்தகங்கள் கைக்கு வந்தன. 1996ல் சென்னையில் தொடங்கியவர்கள். ஒரே கதையைத் தமிழ், மலையாளம், இந்தி என்று பல மொழிகளில் போடுகிறவர்கள். ஃபௌஸியா கிலானி வில்லியம்ஸ் எழுதிய இஸ்மத்தின் ஈத் கதை அதில் ஒன்று. பெருநாளுக்கு இஸ்மத் வாங்கிய பேன்ட் நீளமாகப் போய்விடும். வெட்டித் தைத்துத் தரச் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் சமையல் வேலை. கடைசியில் இவரே வெட்டிவிடுவார். மனசு கேட்காமல் மனைவி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை, மகள் ஒரு தடவை என்று ஆளாளுக்கு வந்து வெட்ட, பேன்ட் முழங்காலுக்கு ஏறிவிடும். துருக்கிப் பக்கத்து நாட்டுப்புறக் கதையின் சாயல். கீழக்கரையில் ஒரு முற்றத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இதை வாசித்தேன். சிரித்தார்கள். முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: "வாப்பாக்கு எதுக்கு பேன்ட்? கைலி உடுத்தினா வெட்டவே வேணாமே?"

இன்னொருத்தி, "வட்டலப்பம் எங்கே?" என்றாள்.

நியாயம்தானே. கதை அவர்களுக்குப் பிடித்தது. வாரா வாரம் கேட்டு வாங்கினார்கள். ஆனால் அது வேறு ஊர் ஈத் என்று அவர்களுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. முஸ்லிம் வீடு வந்துவிட்டது, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வட்டலப்பமும் தொதலும் இலங்கைக் கப்பலோடு உறவு வைத்திருந்த ஊரின் பலகாரங்கள். துருக்கியோ லக்னோவோ அதற்கு எங்கே போகும்?

வாசிக்கும்போது உள்ளே இருந்து உம்மம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் எழுந்துபோய், துணியில் சுற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். எழுத்து அரபி. விரலை வலமிருந்து இடமாக ஓட்டிக்கொண்டு அவர் வாசித்தபோது காதில் விழுந்தது தமிழ். அரபுத்தமிழ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அந்த எழுத்தில் நிறைய எழுதியவர் என்றும் படித்திருக்கிறேன். கேட்டது அன்றைக்குத்தான். உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் தமிழ் படிப்பார். பேத்திக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலில் அடுப்படியைப் பார்ப்பேன். அடுப்பில் என்ன வேகிறது, யார் கிண்டுகிறார்கள், அவர்களைக் குழந்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது. இந்த மூன்றும் மேம்போக்காக இருந்தால் மற்றதும் மேம்போக்காகத்தான் இருக்கும். அப்புறம் நாள்காட்டி. ரம்ஜானுக்கு மட்டும் வருகிற முஸ்லிம் சிறுவன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிற மேரி, மற்ற 363 நாளும் இவர்கள் எங்கே போனார்கள்? தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கொடியேற்றத்துக்கு எல்லாச் சாதிக்காரரும் மதக்காரரும் போகிறார்கள் என்பது உண்மை. ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் அப்படித்தான். இதைப் படமாகப் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற மூன்று குழந்தைகளை அட்டையில் வைத்துப் புத்தகம் வந்தால் பெரியவர்கள் வாங்குவார்கள். பிள்ளைகள் ஒரு தடவை புரட்டிவிட்டுக் கீழே வைப்பார்கள். திருவிழாவில் பிள்ளைகளுக்கு வேலை ராட்டினத்தில். யாரும் கையைக் கோத்து நிற்பதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறையில்லை. 1965ல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், மூன்று வருடத்தில் அங்கே வந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டுகிற நூல் நூற்றுக்கு ஏழுகூடத் தேறவில்லை என்று எழுதினார். அதைக் கேள்விப்பட்டு, ஒரு மழைநாளில் நானும் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். இந்தக் கடற்கரையில் என்னிடம் வாடகைக்கு எடுக்கிற பிள்ளைகளின் வீடு எத்தனை புத்தகத்தில் வருகிறது? ஒரு கை விரலே மிச்சம். 1990ல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பின அறிஞர், குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்கணும், ஜன்னலாகவும் இருக்கணும் என்றார். ஆசிரியர் பயிற்சிகளில் இதை அடிக்கடி சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தால் ஏச்சுத்தான் கிடைக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர்களே மோர் கொண்டுவந்து தருவார்கள். எனக்குத் திண்ணைதான் பொருத்தமாகப் படுகிறது.

தேடுவது என்றால் என்ன செய்வேன்? ஜனவரியில் சேது எக்ஸ்பிரஸில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவேன். இரண்டு சாக்கு எடுத்துப் போய், இரண்டையும் நிரப்பிக்கொண்டு வருவேன். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, துலிகா. தாரா புக்ஸில் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' ஒரே ஒரு பிரதி வாங்கினேன். கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்டது. விலையைச் சொன்னால் பாம்பனில் நல்ல நண்டு வாங்கிவிடலாம். விற்பதில்லை, காட்டுவதோடு சரி. பிள்ளைகள் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் பார்ப்பார்கள். ஒருமுறை வேறொரு பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்தது. மேலே இரண்டு வரிசை நான் கேட்ட புத்தகம், அடியில் முழுக்கப் போன வருடம் போகாமல் கிடந்த யோகாசனப் புத்தகம். திருப்பி அனுப்பினால் லாரிக் கூலி என் தலையில். முப்பது சதவீதக் கழிவில் பிழைக்கிறவன் அதைத் தாங்கமுடியாது. வருடக்கணக்கில் அந்த யோகாசனத்தைப் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்து ஓட்டினேன்.

பதிப்பாசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகள் சொன்ன திருத்தங்களை எழுதி அனுப்பினேன். மரியாதையாகப் பதில் போட்டார். கச்சான், கொண்டல், வத்தை என்றெல்லாம் காற்றுப் பெயரும் படகுப் பெயரும் போட்டால் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, அடிக்குறிப்பு போடவேண்டியிருக்கும், குழந்தைப் புத்தகத்தில் அடிக்குறிப்பு நன்றாக இருக்காது என்றார். எனக்குச் சமோவார் ஞாபகம் வந்தது. அதற்கு யாரும் எனக்கு அடிக்குறிப்பு போடவில்லை. படத்தில் புகை வந்தது, டீ ஊற்றினார்கள், புரிந்தது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி ஓடுகிறது. காற்றும் கடலும் அங்கே கரைப் பேச்சிலேயே வருகின்றன. வானொலிக்கு வந்த வார்த்தை புத்தகத்துக்கு வரக் கூசுகிறது.

கச்சானில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதற்கு மண்டபம் போகவேண்டும்.

மண்டபம் முகாம் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து நோய் சோதித்த இடம். 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு அதுவே தங்குமிடமானது. 2021லிருந்து அரசுக் கணக்கில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். வெளியாள் உள்ளே போக அனுமதி வாங்கவேண்டும். அதனால் நான் வெளியே, பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பூவரச மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். இங்கேயே பிறந்தவர்கள், சிலருடைய அம்மாவே இங்கே பிறந்தவர். வகுப்பில் ராமநாதபுரத்துத் தமிழ், வீட்டில் மன்னார்த் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ. இரண்டையும் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றுவார்கள்.

ஒருநாள் பாம்பன் பையன் ஒருவன் என் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். "கச்சான் கிளம்பிருச்சுண்ணே, மணலு பறக்குது பாருங்க" என்றான். முகாம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் கச்சான் என்றால் வேர்க்கடலை. கடலை கிளம்பிப் பறக்கிறதாம். அவனுக்கு விளங்கவே ஐந்து நிமிஷம் ஆனது. விளங்கியதும் அவனும் சிரித்தான். கீழக்கரையில் கைலி, முகாமில் சாரம். அதே துணி. இப்படி ஒரு பட்டியல் போட்டுப் படத்தோடு புத்தகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது பிரதி எடுப்பேன்.

அவர்களுக்கென்று புத்தகம் தேடியது தனிக்கதை. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்தைவிடக் கிட்ட. ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு குழந்தைப் பாட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் அது கொழும்பு போய், விமானம் ஏறி, சென்னை வந்து, சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் எனக்கு வரவேண்டியிருந்தது. தலைமன்னார்க் கப்பல் 1980களிலேயே நின்றுபோனது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அங்கே பிறந்த அம்மம்மாக்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதை எழுத்தில் பார்த்ததில்லை. 2005ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களை வருடி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கல்லூரிப் பையன் காட்டிக்கொடுத்தான். அங்கிருந்து இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நரம்பில் தைத்துக் கொண்டுபோனேன். பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, அம்மம்மா பேத்தியை முந்திக்கொண்டு ஓடினார். கூழும் கொழுக்கட்டையும் வரும் இடத்தில் வாசிப்பே நின்றுபோய், யார் வீட்டில் எப்படி அவிப்பார்கள் என்று பேச்சு போய்விட்டது.

மலைநாட்டுப் பக்கத்துத் தாத்தா ஒருவர் சிங்களத்தில் படித்தவர். சிபில் வெத்தசிங்க 1956ல் எழுதி வரைந்த குடைத் திருடன் கதையை அவர் படம் இல்லாமலேயே சொன்னார். குடையே தெரியாத கிராமத்துக்காரர் டவுனுக்குப் போய்க் குடை வாங்கி வருவார். ஊருக்குள் வந்து காப்பி குடிப்பதற்குள் குடை காணாமல் போய்விடும். ஒவ்வொரு தடவையும். திருடன் ஒரு குரங்கு. "சிங்களக் கதையோ?" என்று ஒரு பையன் முகத்தைச் சுளித்தான். தாத்தா, "குரங்குக் கதையடா" என்றார். அந்தப் பதிலை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

இனி காளி. ஸாய் விட்டேக்கர் எழுதி துலிகா போட்ட சாரைப்பாம்புக் கதை. காளி இருளர் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். காளி தின்பதற்கு வறுத்த ஈசல் கொண்டுவருவான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஒதுக்குவார்கள். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, வாத்தியார் உட்பட எல்லாரும் அலறும்போது காளி லாகவமாகப் பிடித்துவிடுவான். அன்றிலிருந்து எல்லாரும் அவனுக்குச் சிநேகிதர். எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம். எங்கே வாசித்தாலும் கைதட்டல் வாங்கும். கீழக்கரையில் வாங்கியது, உச்சிப்புளியில் வாங்கியது, தங்கச்சிமடத்தில் ஈசல் எப்படி இருக்கும் என்று கேட்டு இரண்டு பேர் மழைக்குக் காத்திருந்ததும் உண்டு.

பூவரச மரத்தடியில் வாசித்து முடித்தேன். கைதட்டல் வரவில்லை. பத்து வயசுப் பிள்ளை ஒருத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவள், "பாம்பு வராட்டி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"பாம்பு வராட்டி அவனோட ஒருத்தரும் கதைச்சிருக்க மாட்டினம், என்ன?"

பஸ் வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். அவள் புத்தகத்தைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ராமநாதபுரம் திரும்பும் வரை அதே கேள்வியோடு ஓட்டினேன். இருபது வருடமாக நான் நல்ல புத்தகம் என்று தேர்ந்தெடுத்ததில் பாதி இப்படித்தான் என்று தோன்றியது. ஒதுங்கி நிற்கிற குழந்தை ஏதாவது வித்தை காட்டும். ஆற்றில் விழுந்தவனைக் காப்பாற்றும், ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கும், பாட்டுப் பாடும். அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிற குழந்தைக்கு எந்தப் புத்தகத்திலும் சிநேகிதன் இல்லை. காளி புத்தகத்தைக் குறை சொல்ல எனக்கு இன்னும் மனசு வராது. ஒரு இருளர் பையன் பெயரோடு, அப்பாவோடு, சாப்பாட்டோடு கதாநாயகனாக வந்த புத்தகம் என் பெட்டியில் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனாலும் அதை வாசிக்கும்போது இப்போதெல்லாம் கடைசிப் பக்கத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

இப்போது புத்தகம் கிடைப்பது முன்னைவிட எளிது. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம், திருத்தலாம், நாமே மொழிபெயர்க்கலாம். 2023ல் அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. என் வாடகை வியாபாரம் அடிவாங்கியது, வருத்தமில்லை. யெஸ். பாலபாரதியின் 'ஆமை காட்டிய அற்புத உலகம்' வந்தபோது பாம்பன் பிள்ளைகள் என் பிரதியைத் தொலைத்துவிட்டுக் கூசாமல் அடுத்த பிரதி கேட்டார்கள். ஆனால் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற அம்மாக்களைப் பற்றி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்து வருகிறவர்களைப் பற்றி, எட்டு வயதுப் பிள்ளை படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் இன்னும் என் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் கேட்கிறேன். "நல்ல சப்ஜெக்ட் சார், நீங்களே எழுதுங்களேன்" என்கிறார்கள். நான் விற்கிறவன்.

பாம்பு கேட்ட பிள்ளை அடுத்த மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து தந்தாள். "வாசிச்சிட்டுத் தாங்கோ." பென்சிலில் எழுதி, பக்கத்துக்கு ஒரு படம். காளி பள்ளிக்கூடம் போகிறான். மழை பெய்கிறது. பக்கத்தில் இருக்கிறவன் ஈசல் ஒன்று எடுத்துத் தின்று பார்க்கிறான், உப்புக் குறைவு என்கிறான். காளி அம்மாவிடம் சொல்லுகிறேன் என்கிறான். மணி அடிக்கிறது. பாம்பு வரவில்லை. ஆறு பக்கத்தில் கதை முடிந்துவிட்டது, மிச்சப் பக்கம் வெறுமை. அவளைக் கேட்டு அந்த ஆறு பக்கத்தையும் பிரித்து, பழைய காலண்டர் அட்டை போட்டு, நரம்பில் தைத்தேன். அவளுக்கு ஒரு ஜெராக்ஸ். அசலைப் பெட்டியில் மற்ற புத்தகங்களோடு வைத்தேன், தனியாக வைக்கவில்லை.

கீழக்கரைச் சுற்றில், வட்டலப்பம் கேட்ட பிள்ளையின் தங்கச்சி பெட்டியைக் கிளறி அதை எடுத்துப்போனாள். வாரம் ஒரு ரூபாய்க் கணக்கில் எழுதியிருக்கிறேன். நாலு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம், "ராத்தா படிக்கிறா" என்கிறாள்.